பூசணி ஊன்றப் பெருநாள் கணக்கு வேண்டாம், பனிக் கணக்குப் பாருங்கள்



உதகைப் பகுதியில் வீட்டுத் தோட்டம் போடும் நம் குடும்பங்களில் பலர், “நோன்புப் பெருநாள் கழிந்ததும் பூசணி ஊன்றுவோம்” என்கிறார்கள். 2023இல் பெருநாள் ஏப்ரல் 22இல் வந்தது. அது சரியாக அமைந்தது. ஆனால் பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே நகர்கிறது. 2028இல் பெருநாள் பிப்ரவரிக் கடைசியை ஒட்டி வரும். உறைபனியோ சூரியக் கணக்குப்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரை விழுகிறது.

பூசணிக் கொடி ஒரே இரவுப் பனியில் கருகிவிடும்; குளிர்ந்த ஈர மண்ணில் விதை அழுகும். ஆகவே மார்ச் பாதிக்கு மேல் ஊன்றுங்கள். முந்த நினைப்பவர்கள் மார்ச் தொடக்கத்தில் பைகளில் விதைத்து வீட்டுக்குள் வைத்து, மூன்று வாரத்தில் நடலாம். பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் பனி தேங்கும். அங்கே இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

காய் முற்ற ஏறத்தாழ நான்கு மாதம். மலைக் குளிரில் சில வாரம் கூடும். எனவே மே மாதத்தைத் தாண்ட வேண்டாம். அக்டோபருக்குள் காம்போடு அறுத்து உலர்ந்த இடத்தில் வைத்தால், பனிக்கால அடுப்படிச் செலவு குறையும்.

மார்ச் முதல் வாரத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் விதை தருகிறோம், இன்ஷா அல்லாஹ். ஒரு விதையும் வீணாக வேண்டாம்.