எழுத ஒன்றுமே தோணலையா? தண்ணீர் கேனிலிருந்து ஆரம்பிக்கலாம்!

போன வருடம் எங்கள் அப்பத்தா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் பேப்பர்ல வேலை பாக்குறியே, அப்பத்தாவப் பத்தி நாலு வரி எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பாசத்தின் உறைவிடம், பண்பின் சிகரம் என்று போனது அந்த நாலு வரி. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஏதோ ஒரு கம்பத்தில் தொங்குகிற அதே வார்த்தைகள். ஒரு ஷிப்டுக்கு ஏழெட்டு செய்தி தட்டுகிற ஆள் நான். ஆனால் அப்பத்தாவுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு வரி கூட வரவில்லை. அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது எந்த விரலால் என்று யோசித்துப் பார்த்தேன். ஆயிரம் முறையாவது எதிரே உட்கார்ந்து பார்த்திருப்பேன். ஞாபகம் இல்லை.

கன்டென்ட் எழுதுகிற, டிசைன் செய்கிற, ரீல்ஸ் எடுக்கிற நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "புதுசா எதுவும் தோண மாட்டேங்குது மச்சி." உடனே ஒரு மலைப் பயணம் போனால் சரியாகிவிடும் என்கிறார்கள். நானும் போனேன். திரும்பி வந்தபோது போனில் முந்நூறு போட்டோ இருந்தது, சொல்ல ஒரு கதை இல்லை. பிரச்னை ஐடியா பஞ்சம் இல்லையோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. பார்ப்பதையே நாம் நிறுத்திவிட்டோமோ?

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. கண்ணில் பட்ட சாதாரண விஷயங்களைத் தினமும் கொஞ்சம் எழுதுவது. அவ்வளவுதான். கேட்க ரொம்பச் சப்பையாக இருக்கும், தெரியும். ஆனால் இதைச் செய்தவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை.

புதுச்சேரி வியாபாரியின் டைரி

ஆனந்தரங்கப் பிள்ளையை ஸ்கூல் புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டி வந்திருப்போம். 1709-ல் பிறந்தவர். புதுச்சேரியில் பெரிய வியாபாரி. பிறகு பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். 1736 செப்டம்பரில் தமிழில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். 1761-ல் இறக்கும் வரை, கிட்டத்தட்ட 25 வருடம் எழுதினார். நமக்குக் கிடைத்திருப்பதில் அங்கங்கே இடைவெளிகள் உண்டு.

அதில் என்ன இருக்கிறது? கப்பல் வந்தது, கப்பல் போனது, சரக்கு, கடன், கவர்னர் வீட்டு வம்பு, தெருவில் அடிபட்ட வதந்தி. போர்களும் இருக்கின்றன. ஆனால் போர்களை வேறு ஆவணங்களிலும் தேடிக்கொள்ளலாம். அன்றைக்கு புதுச்சேரி ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அறிய இவரை விட்டால் வேறு கதியில்லை. மொழியும் பண்டிதத் தமிழ் இல்லை. பேச்சுத் தமிழோடு பிரெஞ்சு, போர்த்துகீசிய, பாரசீக வார்த்தைகள் கலந்துகட்டி ஓடும். நம் வாட்ஸ்அப் தமிழுக்கு அவர் ஒரு கொள்ளுத்தாத்தா என்றே சொல்லலாம்.

இவரைப் பலரும் ஒப்பிடுவது லண்டனின் சாமுவேல் பெப்பிஸோடு. 1666-ல் லண்டன் நகரமே தீப்பிடித்து எரிந்தபோது, பெப்பிஸ் தோட்டத்தில் குழி தோண்டித் தன் ஒயினையும் பார்மெசான் சீஸையும் புதைத்து வைத்தார். அதையும் டைரியில் எழுதினார். தீ எத்தனை வீடுகளைத் தின்றது என்று படித்தால் மறந்துபோகும். சீஸ் மறக்காது.

ஒன்றும் நடக்காத இடத்தில் மூன்று நாள்

சரி, நமக்கு கவர்னர் பழக்கமில்லை, ஊரும் தீப்பிடிக்கவில்லை. அப்போது எதை எழுதுவது?

1974 அக்டோபரில் ழார்ஜ் பெரெக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பாரிஸின் சான் சுல்பீஸ் சதுக்கத்துக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்தார். அங்கே பெரிய சர்ச் இருக்கிறது, நீரூற்று இருக்கிறது. அவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்று அவர் விட்டுவிட்டார். யாரும் குறித்துவைக்காததை மட்டும் எழுதினார். 63-ம் நம்பர் பஸ் போகிறது. 96 போகிறது. புறாக்கள் கிளம்புகின்றன, உட்காருகின்றன. கையில் பையோடு ஒருவர் நடக்கிறார். திரும்பவும் 96.

நேர்மையாகச் சொன்னால், முதல் சில பக்கங்கள் கொட்டாவி. நம்ம ஊரில் 29சி போகிறது, வருகிறது என்று யாராவது எழுதினால் படிப்போமா? ஆனால் இரண்டாம் நாள் ஒன்று நடக்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் தேட ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஒரு நாள் எழுதினால் அது வெறும் பட்டியல். மறுநாளும் எழுதினால் ஒப்பிட ஒன்று கிடைத்துவிடுகிறது.

என் நோட்டில் நடந்தது

பத்து நிமிடம், ஒரு பக்கம், நாற்பது பக்க நோட்டு. இதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு. முதல் நாள் எழுதியது ஒரே வரி: "தண்ணி கேன் வந்தது."

ஒரு வாரம் கழித்து அதே கேன் இப்படி ஆனது: கேன் போடுகிற அண்ணன் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள், இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு முறை தோள் மாற்றுகிறார். மாற்றும்போது சுவரில் கை ஊன்றுகிறார். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் கறுத்திருக்கிறது.

மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. புதுப் பையன் வந்தான். அவன் தோள் மாற்றவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கேனைக் கீழே வைத்து மூச்சு வாங்கினான். "பழைய அண்ணன் எங்கப்பா?" என்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, இனி வேலைக்கு வர மாட்டார் என்றான். இரண்டு வருடமாக அவரிடம் தண்ணீர் வாங்கியிருக்கிறேன். அவர் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன், அதுவும் வேறொருவரிடம்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை அப்புறம் எடுத்துப் படித்தேன். 1970-களின் சென்னை, தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலைகிற பெண்கள், தோண்டிப்போட்ட ரோடு. தினமும் தெருவில் எல்லோரும் பார்த்ததுதான். அந்தக் குடங்களுக்கு நடுவிலிருந்து ஜமுனா, சாயா என்ற இரண்டு சகோதரிகளின் வாழ்க்கையை அவரால் எடுக்க முடிந்தது. கறுத்த சுவரைப் பார்த்தபிறகு அந்த நாவல் எனக்கு வேறு மாதிரி படிக்கக் கிடைத்தது.

காலையிலயா, ராத்திரியிலயா?

ஜூலியா கேமரூன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1992-ல் வெளியிட்ட 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' புத்தகத்தில் 'மார்னிங் பேஜஸ்' என்ற பழக்கத்தைச் சொல்கிறார். எழுந்ததும் கையால் மூன்று பக்கம், மனதில் என்ன ஓடுகிறதோ அது. பலருக்கு இது செட் ஆகிறது. நைட் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு ரூமுக்கு வருகிறவருக்கு எப்படி செட் ஆகும்? எனக்கு ஆகவில்லை. மூன்று பக்கமும் தூக்கத்தைப் பற்றியே எழுதினேன். நேரத்தை விட, எழுதுவதை ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒரு பழக்கத்தோடு கட்டிப்போடுவதுதான் உதவியது. எனக்கு அது எலெக்ட்ரிக் ட்ரெயின். உங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய டீயாக இருக்கலாம்.

நோட்டா, போனா என்றால் என் ஓட்டு நோட்டுக்கு. போனில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் மூன்றாவது வரியில் நோட்டிபிகேஷன் வந்து, எழுதுவது அங்கேயே நின்றுவிடுகிறது.

எழுதியதை உடனே ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நான் ஒரு தடவை போட்டேன். 40 லைக். அடுத்த நான்கு நாளும் கண்ணில் பட்டதை விட்டுவிட்டு, லைக் வாங்குகிற மாதிரி எதையோ தேடிக்கொண்டிருந்தேன். இன்னொரு விஷயம், நாம் எழுதுவது பெரும்பாலும் அடுத்தவர் வாழ்க்கை. கேன் அண்ணனின் பெயர் என் நோட்டில் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் இல்லை.

'அழகாக' எழுத முயல்வதும் ஒரு பொறி. 'வானம் சோகமாக இருந்தது' என்று எழுதிய நாட்கள் எல்லாம் இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கின்றன. 'மழை வர்ற மாதிரி இருந்துச்சு, எதிர் வீட்டு ஆன்ட்டி துணியை எடுக்கல' என்று எழுதிய நாள் மட்டும் நிற்கிறது. ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. எப்போதாவது அது ஒரு கதையாகலாம், ஆகாமலும் போகலாம். நடுவில் எத்தனையோ நாட்கள் 'இன்று ஒன்றுமில்லை' என்ற வரியோடு முடிந்திருக்கின்றன. விட்டுப்போன நாட்களும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளைக்கே இடைவெளி இருக்கும்போது நமக்கென்ன!

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் அந்தச் சுண்ணாம்பு விஷயத்தைக் கேட்டேன். "ஆள்காட்டி விரல்தான்" என்றார். பக்கத்தில் இருந்த சித்தி, "இல்லக்கா, நடுவிரல். ஆள்காட்டி விரல்ல அவங்களுக்கு அரிவாள்மனை வெட்டு இருந்துச்சு, சுண்ணாம்பு பட்டா எரியும்னு சொல்வாங்க" என்றார். இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.