லயத்துக்குள் புகுந்த சோழப் படை

பொன்னியின் செல்வனில் வரும் கந்தமாறனை மன்னிக்கலாமா, கூடாதா? இரவு பத்தரை மணிக்கு ஹட்டனும் போகவந்தலாவையும் இதற்காக முட்டிக்கொள்கின்றன. விடிந்தால் ஒருவருக்குத் தோட்டத்தில் பிரட்டு, இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம். இருந்தும் விடமாட்டார்கள். "விசாரிக்காமலே சிநேகிதன் மேல பழி போட்டவனுக்கு என்ன மன்னிப்பு?" என்று போகவந்தலாவை டீச்சர் ஒரு குரல் பதிவு போடுவார். "அவனும் ஏமாந்தவன்தானே டீச்சர்!" என்று ஹட்டன் அண்ணனின் பதில் பறந்து வரும்.

சரித்திர நாவல் பைத்தியங்களின் வாட்ஸ்அப் கூட்டம் இது. நானும் அதில் ஒரு பைத்தியம். உள்ளே நடப்பதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், பெயர்களை மட்டும் கேட்காதீர்கள். தலவாக்கலைத் தம்பிக்கு லயத்துக்குள் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டில் ஏறி நின்றுதான் வந்தியத்தேவனுக்காக வாதாடுவார். கத்தாரில் இருக்கும் மஸ்கெலியாக்காரர் வேலை முடிந்து வந்து, குவிந்து கிடக்கும் பதிவுகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, எல்லோரையும் சேர்த்து ஒருமுறை திட்டுவார். டீச்சரின் அம்மா கொழுந்து பறித்தே ஓய்ந்தவர், எழுத்து தெரியாது. மகள் வாய்விட்டு வாசிப்பார்; அந்தப் பதிவு எங்களுக்கும் வரும். நடுவில் "அடிப்பாவி!" என்று ஒரு குரல் விழுந்தால் நந்தினி வந்துவிட்டாள் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

புத்தகத்துக்குச் செலவே இல்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்பதால் பொன்னியின் செல்வனைப் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம், ரீலோட் இருந்தால் போதும். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது கூட்டம் பெருத்தது. ஆனால் வேகமாக வாசிக்க அனுமதி இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து வாசித்தவர்களின் தவிப்பில் கொஞ்சமாவது நமக்கும் வேண்டாமா? ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம், அவ்வளவுதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று புதியவரிடம் உளறினால் அபராதமாக அவருக்கு ரீலோட் போட்டுவிட வேண்டும். ஐந்து பாகத்தையும் முடித்தவர்களுக்கே அது நிச்சயமாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. கல்கியோ விளக்கை அணைத்துவிட்டு நழுவிவிட்டார்.

யுத்தம் தேடி வந்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. திருப்புறம்பியம், தக்கோலம் எல்லாம் பழங்கதையாகத்தான் வரும். கண்ணெதிரே பெரும்போர் கிடையாது. என்னைக் கேட்டால், கல்கிக்குப் போரை விடப் போருக்கு முந்திய ராத்திரிதான் பிடித்தது.

இரண்டாம் பாகமான 'சுழல் காற்று' தொடங்கினால் எங்கள் ஆட்களைப் பிடிக்க முடியாது. பூங்குழலி படகைத் தள்ளிவிட்டாள்! வந்தியத்தேவன் ஈழத்துக்கு வருகிறான்! தமிழ்நாட்டு வாசகருக்குத் தம்பள்ளை என்பது கதையில் வரும் ஓர் ஊர். எங்களுக்கோ அது தம்புள்ளை: ஹட்டனில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, மாத்தளை தாண்டினால் வந்துவிடும். அருள்மொழிவர்மன் நடமாடிய தெருவில் மரக்கறி லொறி நிற்கிறது என்று ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். அன்று யாரும் தூங்கவில்லை.

சோழப் படை முகாமிட்டதாகக் கல்கி எழுதும் மாதோட்டம் மன்னார்ப் பக்கம். கோப்பித் தோட்டத்துக்கு வந்த எங்கள் பாட்டன், பூட்டன்மாரும் மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, மாத்தளை என்று மலை ஏறினார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மலையகம் 200 நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடந்தார்களே, அந்தப் பாதைதான். "வந்தியத்தேவனுக்குக் குதிரை இருந்துச்சு, எங்க பூட்டனுக்குக் காலு மட்டும்தான்" என்றார் டீச்சரின் அம்மா. அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

நாவல் பாதியிலேயே நிற்க, நிஜ வரலாற்றைத் தோண்டப் போனோம். அங்கே கிடைத்ததுதான் எங்கள் கூட்டத்தின் எல்லாக் காலத்துக்குமான வெற்றிப் படம். அனுராதபுரத்தில் ஐந்தாம் மகிந்தன் படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறினான். கேரளத்துக் கூலிப்படையினர் வில்லும் வாளுமாக அரண்மனை வாசலை மறித்து, சம்பளம் வரும்வரை ராஜாவுக்குச் சாப்பாடு கிடையாது என்று உட்கார்ந்துவிட்டார்களாம். ராஜா சுரங்க வழியாக ருகுணைக்கு ஓட்டம்! நாடு கிடந்த கோலத்தை ஒரு குதிரை வியாபாரி போய்ச் சோழனிடம் சொன்னான் என்கிறது சூளவம்சம். 993இல் ராஜராஜன் படை வந்தது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் மகிந்தனே பிடிபட்டான். சம்பளப் பாக்கியில் ஒரு ராஜ்யமே போன கதையைத் தோட்டத்து ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். "துரைக்கு இதை அனுப்புங்க" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

பொலன்னறுவைக்குப் போனவர்கள், சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரத்தின் சுவரில் தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் பெருமை அடித்தார்கள். அதைத் தாங்க முடியவில்லை.

இப்போது அடுத்த புத்தகத்துக்குத் தேர்தல். சாண்டில்யனின் கடல் புறா வேண்டும், கப்பல் சண்டை வேண்டும் என்று ஒரு கட்சி. சிவகாமியின் சபதம்தான் என்று ஹட்டன் அண்ணன் தலைமையில் எதிர்க்கட்சி. அதில் வரும் மானவன்மன் நம் நாட்டு இளவரசன், பல்லவக் கடற்படையின் துணையோடு திரும்பி வந்து 684இல் அரியணை ஏறியவன், சொந்த ஊர்ப் பிள்ளைக்கு வாக்குப் போடுங்கள் என்று பிரசாரம் வேறு! டீச்சரின் அம்மா எந்தப் பக்கம் என்று இன்னும் வாய் திறக்கவில்லை. இரு கட்சியும் அவருக்குத் தனித்தனியாக போன் போடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. என் வாக்கு கப்பலுக்குத்தான்.