பூக்காத செடியின் ஜாதகம்

உங்கள் வீட்டு வராந்தாவில், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே பெரணிச் செடி ஒன்று இருக்கிறதா? இருந்தால், முதிர்ந்த இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பழுப்பு நிறமாய்ப் பொட்டுப் பொட்டாக, வரிசை பிசகாமல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். "ஐயோ, பூச்சி விழுந்துவிட்டதே!" என்று கிள்ளி எறிந்துவிடாதீர்கள். அந்தச் செடியின் வம்சமே அந்தப் பொட்டுகளில்தான் இருக்கிறது!

பெரணி பூப்பதில்லை, காய்ப்பதும் இல்லை. பின் எப்படிப் பெருகுகிறது? அதன் விதை கண்ணுக்குத் தெரியாதது, அதை வைத்திருப்பவனும் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். உண்மையில் அது விதையே அல்ல. ஸ்போர் என்னும் நுண்ணிய தூள். முதிர்ந்த இலையை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, ஓரிரு நாள் காற்றுப் படாமல் விட்டுப் பாருங்கள். பழுப்புத் தூள் கோலம் போட்டிருக்கும்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். ஒரு தாய்ச் செல்லிலிருந்து நான்கு ஸ்போர்கள் ஒட்டிப் பிறக்கின்றன. அவை பிரிந்த பிறகும், ஒட்டியிருந்த இடத்தில் தழும்பு தங்கிவிடுகிறது. சில குடும்பங்களில் ஸ்போர் அவரை விதை போல இருக்கும். தழும்பு ஒரே கோடு. மெய்டன்ஹேர் பெரணியிலோ முக்கோண வடிவம். தழும்புக்கு மூன்று கிளைகள். மேலுறையில் முள், மடிப்பு, வலை, சிறகு என்று எத்தனையோ வேலைப்பாடு! இவற்றைக் கொண்டு எது எந்தக் குடும்பம் என்று பிரிக்கிறார்கள் தாவர சாஸ்திரிகள். நம் நாட்டுப் பெரணிகளின் ஸ்போர்களை 1960-களில் பி. கே. நாயரும் சாந்தா தேவியும் இப்படி ஆராய்ந்து எழுதினார்கள்.

இந்த மேலுறையால் ஒரு வழக்கே உண்டாயிற்று. ஸ்காட்லாந்தில், அபர்டீன் அருகே கடலோரக் குகை ஒன்றில் ஒரு சின்னப் பெரணி வளர்ந்தது. 1848-ல் ராபர்ட் சிம் என்பவர் அதைத் தனி இனம் என்று அறிவித்து, ஜார்ஜ் டிக்கி என்ற அறிஞரின் பெயரைச் சூட்டினார். பிரிட்டனில் அப்போது பெரணிப் பைத்தியம்! வசதியான வீட்டுப் பெண்கள் கண்ணாடிப் பெட்டிகளில் பெரணி வளர்த்தார்கள். ஆசைப்பட்டவர்கள் பறித்துப் பறித்தே அந்தக் குகைச் செடியை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அது தனி இனந்தானா? அதன் நெருங்கிய உறவுச் செடியின் ஸ்போரில் முட்கள் உண்டு. இதிலோ முள் இல்லை, வெறும் சுருக்கங்கள். 'இது போதாதா சாட்சி?' என்றார்கள். ஆனால் அதே சுருக்க ஸ்போர் வேறு நாட்டுச் செடிகளிலும் அகப்பட்டது. ஸ்போரை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று மரபணு ஆராய்ச்சியும் சொல்லிவிட்டது. வாதம் நடக்கட்டும்; பிரிட்டிஷ் சட்டம் அந்தச் செடிக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டது.

ஜாதகம் மட்டும் பொருந்தினால் போதுமா? குலம், குணம் எல்லாம் விசாரிக்க வேண்டாமா? நம் பாட்டிமார் சொல்வது பெரணிக்கும் பொருந்துகிறது, பாருங்கள்!