ஆயில் டப்பாவில் ஒரு சங்கம்

பைக்குக்கு ஆயில் மாற்றப் போனால் மெக்கானிக் கேட்பார்: "20டபிள்யூ-40 ஊத்திடவாண்ணே?" டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அந்த எண்ணோடு எஸ்.ஏ.இ. என்று இருக்கும். பலர் அதை ஏதோ அரசு முத்திரை என்றே நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது வாகனப் பொறியாளர்கள் சந்தா கட்டி நடத்தும் ஒரு சங்கத்தின் பெயர். 1905-இல் நியூயார்க்கில் 30 பேர் சேர்ந்து, ஆண்டுக்கு 10 டாலர் சந்தாவில் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஆண்ட்ரூ ரைக்கர். துணைத் தலைவர் ஹென்றி ஃபோர்டு.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கார் கம்பெனியும் தனக்கென்று ஒரு ஸ்குரூ அளவு, ஒரு வாஷர் அளவு வைத்திருந்தது. கம்பெனி மூடிவிட்டால் அந்தக் காருக்கு ஸ்பேர் கிடைக்காது. போட்டிக் கம்பெனிகளின் பொறியாளர்களே ஒரே மேசையில் உட்கார்ந்து அளவுகளைப் பொதுவாக்கினார்கள். 1911-இல் ஆயிலுக்கு வகைப்பாடு வந்தது. தானாக ஓடும் கார்களை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்ததும் இதே சங்கம்தான், 2014-இல். இந்தத் தரங்களை எழுதும் குழுக்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் ஏதாவது கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது.

சரி, மெம்பர் ஆனால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மருத்துவக் கவுன்சிலில் பதியாமல் டாக்டர் ஊசி போட முடியாது. பார் கவுன்சிலில் பதியாமல் வக்கீல் வாதாட முடியாது. சென்னை அருகே ஒரகடத்தில் கார் வடிவமைக்க அப்படி எந்தப் பதிவும் வேண்டாம். ஆகவே இந்த உறுப்பினர் அட்டைக்குச் சட்டத்தின் பலம் இல்லை. நாம் அதை வைத்து என்ன செய்கிறோமோ அதுதான் அதன் மதிப்பு.

இந்தியாவில் இந்தச் சங்கத்தின் கிளை அமைப்பான எஸ்.ஏ.இ. இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னையில்தான். பொறியியல் கல்லூரிகளில் மாணவர் கிளைகள் இருக்கின்றன. மாணவருக்கு இதில் கிடைக்கும் பெரிய விஷயம் பாஹா போட்டி. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய அந்தப் போட்டி, 2007-இல் இந்தூர் அருகே பீதம்பூருக்கு வந்தது. ஒருவர் மட்டும் உட்காரும், காடுமேட்டில் ஓடும் வண்டியை மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் அடித்து, ஓட்டிக் காட்ட வேண்டும். தொடங்கிய காலத்தில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி எஞ்சின். எஞ்சின் ஒன்றுதான் என்றால் மிச்சமெல்லாம் சஸ்பென்ஷன், கியர், எடை, செலவு ஆகியவற்றில் எடுத்த முடிவுகள். நடுவர்களாக வருபவர்கள் வாகனத் துறையில் இருப்பவர்கள். வண்டி ஓடுவதற்கு முன்பே கேள்விகள் தொடங்கிவிடும்: இந்தக் குழாயை ஏன் எடுத்தீர்கள்? இதற்கு என்ன செலவு? ஆயிரம் வண்டி செய்தால் எவ்வளவு குறையும்? கடைசியில் நான்கு மணி நேர ஓட்டம். ஆக்ஸில் உடையும், வெல்டிங் விடும். பிட்டில் அதைச் சரிசெய்து மறுபடி இறக்குவார்கள். நான்கு வருட வகுப்பில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: தன் கணக்கு தன் கண் முன்னாலேயே தப்பாவதைப் பார்ப்பது. (அணிப் பட்டியலில் பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. நேர்காணலில் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.)

வேலைக்குப் போன பிறகு தேவை வேறு. பத்துப் பதினைந்து வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்தக் கம்பெனிக்காரர்களும் அதற்குச் சப்ளை செய்கிறவர்களும்தான். நிலைமை மாறும்போதுதான் இது உறைக்கும். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான விதிகளில் நாடு பி.எஸ். 4-இலிருந்து நேராக பி.எஸ். 6-க்குத் தாவியபோது, புகையைச் சுத்தப்படுத்தும் நுட்பம் தெரிந்தவர்கள் கை ஓங்கியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் மறைமலைநகர் ஆலை அடுத்த ஆண்டு நின்றது. இப்போது எஞ்சின் கேலிப்ரேஷன் செய்தவர் பேட்டரி பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. சங்கத்தின் குறுகிய காலப் பயிற்சிகள், கருத்தரங்குகள், மாலைக் கூட்டங்கள் இவையெல்லாம் அப்போது உதவும். வேறு கம்பெனியில் அதே வேலை செய்கிறவரை நேரில் பார்த்துப் பேச இவற்றைவிட நல்ல இடம் குறைவு.

என்னைக் கேட்டால், இவற்றில் அதிகம் பயன் தருவது கட்டுரை எழுதுவதுதான். துறை ஆட்கள் படித்துத் திருத்திய பிறகே அது கருத்தரங்கில் ஏறும். மேலாளர் தரும் பாராட்டு அலுவலகச் சுவருக்குள் நின்றுவிடும். கட்டுரை வெளியே தெரியும். ஆனால் எழுதி அனுப்பும் முன் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சோதனை எண்கள் கம்பெனியின் சொத்து.

வெளிநாடு போக நினைப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. ஜார்ஜ் ஸ்டீஃபன்சனை முதல் தலைவராகக் கொண்டு 1847-இல் பர்மிங்காமில் தொடங்கிய இயந்திரப் பொறியாளர் நிறுவனம், பிரிட்டனின் வாகனப் பொறியாளர்களுக்கும் தாய்வீடு. அதன் வழியாகச் சார்ட்டர்டு இன்ஜினியர் பட்டம் பெறலாம். நேர்காணலில் "நாங்கள் செய்தோம்" என்று சொல்லிக்கொண்டே போனால், "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று நிறுத்துவார்கள். அடக்கமாகப் பேசிப் பழகிய நம்மவர்களுக்கு இது சிரமம். மாணவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. ஆனால் அந்த அங்கீகாரம், படிப்புகளைத் தரம் பார்க்கும் என்.பி.ஏ. முதல் அடுக்கில் ஏற்ற படிப்புகளுக்கு மட்டுமே. கல்லூரிப் பெயரை மட்டும் பார்க்காமல் உங்கள் பாடப்பிரிவுக்கு அது உண்டா என்று பாருங்கள்.

சந்தாவைப் பொறுத்தவரை, மாணவர் கட்டணம் குறைவு. வேலையில் இருப்பவர்கள் ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் திருப்பித் தரும், கேட்காதவருக்குத் தராது. முதலில் ஓராண்டுக்கு மட்டும் கட்டுங்கள். அதற்குள் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை என்றால் புதுப்பிக்க வேண்டாம்.