காற்றின்மேல் ஊரும் வண்டி

மேற்கு சைபீரியாவில் ஓப் நதிக்கும் இர்த்திஷ் நதிக்கும் இடையே வாஸ்யுகான் என்னும் மகா சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 53,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு முழுவதும் பாசியும் சேறும் நீருமாக மாறிவிட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. குளிர்காலத்தில் அதன் மேற்பரப்பு கல்லாக உறைந்துவிடுகிறது. ஆனால் வசந்தத்தில் பனி உருகும்போதும், இலையுதிர் காலத்தில் மழை பிடிக்கும்போதும், அங்கே மட்டுமன்றி ருஷ்யாவின் வட பிரதேசம் முழுவதிலுமே மண்பாதைகள் இளகிக் குழம்பாகி, குதிரையும் லாரியும் ஒருங்கே திகைத்து நிற்க நேர்கிறது. இப்படிப்பட்ட பூமியில், மீன் பிடிக்க ஏரிக்குப் போகவேண்டியவனும், வேட்டைக் குடிலுக்குச் சாமான் கொண்டு போகவேண்டியவனும், விலைகொடுத்து ஒரு யந்திரத்தை வாங்கச் சக்தியற்றவர்களாய், காயலான் கடை இரும்பிலிருந்து தாங்களே சிருஷ்டித்துக்கொண்ட வாகனத்துக்குத்தான் 'கரக்காட்' என்று பெயர்.

அதைப் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது மனிதனின் மார்பளவுக்கு உயர்ந்து நிற்கும் நான்கு பருத்த சக்கரங்கள். அவற்றின் நடுவே சிறியதொரு கூண்டு. பலம் வாய்ந்த எஞ்சினைக் கொண்டு சேற்றை வெல்லப் பிறந்த வண்டி இது என்றே எவருக்கும் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்த வாகனத்தின் ரகசியம் அதன் இரும்பில் இல்லை. அந்தச் சக்கரங்களுக்குள் அடைபட்டிருக்கும் சொற்பக் காற்றில் இருக்கிறது.

ஒரு வண்டி புதைவதும் புதையாததும் அதன் பாரத்தை மாத்திரம் பொறுத்ததன்று. அந்தப் பாரத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் நிலமும் எவ்வளவைத் தாங்கவேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மெல்லிய சுவருள்ள டயர், தனக்குள் காற்றை எந்த அழுத்தத்தில் வைத்திருக்கிறதோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தைத்தான் நிலத்தின்மேல் செலுத்தும். சாதாரணக் கார் டயரில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. கரக்காட்டின் டயரில் 0.1 கிலோ. 800 கிலோ எடையுள்ள வண்டி, இந்தக் கணக்குப்படி, சக்கரத்துக்கு 2,000 சதுர சென்டிமீட்டர் வீதம் தரையைத் தழுவிக்கொண்டு நிற்கிறது. நிற்கிற மனிதனின் பாதம் இதைவிட அதிகமாகவே மண்ணை அழுத்துகிறபடியால், அவன் முழங்கால் வரை புதையும் சேற்றிலும் இவ்வண்டி மேலோடு ஊர்ந்து போய்விடுகிறது.

இந்தத் தத்துவம் பட்டறைகளுக்கு வருமுன்பே வடதுருவத்தை அடுத்து வாழ்ந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. 1930-களில் அலாஸ்காவில் வசித்த வில்லியம் ஆல்பீ என்ற அமெரிக்கர், அங்குள்ள எஸ்கிமோக்கள் கனத்த படகைக் கரையேற்றும்போது, சீல் தோலில் காற்றடைத்த பைகளை அடியில் இட்டு உருட்டிக்கொண்டு போவதைக் கண்டு வியந்தார். பின்னர் அந்த நினைவிலிருந்தே 'ரோலிகான்' என்னும் தணிந்த அழுத்த டயரை உருவாக்கினார். ருஷ்ய மீனவனோ டிராக்டர், லாரி ஆகியவற்றின் பழைய டியூபுகளை ஊதி, ரப்பர்ப் பட்டைகளாலும் கயிற்றாலும் இரும்பு வளையத்தோடு வரிந்து கட்டி, அதே பலனை அடைந்தான். பின்னால் வந்தவர்கள் கழித்துப்போட்ட கனரக டயர்களையே எடுத்து, மேல் ரப்பரைக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு துண்டையும் விஞ்ச் கொண்டு பிடுங்கி, நைலான் இழைப் படலங்களையும் ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, எடையை வெகுவாகக் குறைத்தார்கள். பொறுமையும் முதுகெலும்பும் ஒருங்கே சோதிக்கப்படும் வேலை அது; முழு வண்டியிலும் மிகுந்த உழைப்பைக் கேட்பதும் அதுதான்.

மற்ற அங்கங்கள் பெரும்பாலும் ஜிகுலி காரிலிருந்து வருகின்றன. தோல்யாத்தி நகரத்துத் தொழிற்சாலையில் 1970 முதல், இத்தாலியின் ஃபியட் 124 காரைத் தழுவிச் செய்யப்பட்ட கார் அது. (நம் நாட்டில் ஓடிய பிரீமியர் 118என்இ-யும் அதே ஃபியட்டின் உடலைப் பெற்றதுதான்.) ஊருக்கு ஊர் அந்தக் கார்கள் துருப்பிடித்துக் கிடப்பதால், கியர்பாக்ஸும் ஆக்சிலும் சல்லிசாகக் கிடைக்கின்றன. எஞ்சினுக்குப் பலர் நாடுவது 'ஓகா' என்னும் சின்னஞ்சிறு காரின் 649 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை.

சிறிய எஞ்சினை விரும்புவது சிக்கனத்துக்காக மட்டுமன்று. காரின் சக்கரத்தைப்போல் இருமடங்கு விட்டமுள்ள சக்கரத்தை மாட்டியவுடனே இழுவிசை பாதியாகி, வேகம் மட்டும் இருமடங்காகிவிடுகிறது. முதல் கியரில் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருந்தாலே வண்டி ஓட்டமாக ஓடும். சேற்றில் வேண்டியதோ நடை. ஆகையால் ஒரு கியர்பாக்ஸின் பின்னால் இன்னொரு கியர்பாக்ஸைப் பிணைக்கிறார்கள். அப்போது முறுக்குவிசை பதின்மடங்குக்கு மேல் பெருகி, காருக்கென்று வார்த்த அச்சுத் தண்டுகளை முறித்துவிடவும் கூடும். எஞ்சினைச் சிறிதாக்குவது இதற்கு ஒரு பரிகாரம். சக்கரத்தின் அருகிலேயே செயினும் பல்சக்கரமும் வைத்து, வேகத்தைக் கடைசியில் குறைப்பது இன்னொன்று. எந்தப் பழைய உறுப்பு எந்தப் புதிய பாரத்தைத் தாங்கும், எது தாங்காது என்று அறிந்து சேர்ப்பதையே இந்தக் கலையின் உயிர் என்று நான் மதிக்கிறேன்.

ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது நின்றுவிடக் கூடாதென்று, இருபக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுவதும் உண்டு. பூட்டிய ஆக்சிலைத் திருப்புவது கடினம். எனவே சட்டத்தை நடுவில் இரண்டாகத் துண்டித்துக் கீல் பொருத்தி, வண்டியின் இடுப்பையே வளைத்துத் திரும்புகிறார்கள். அந்த மூட்டு முறுக்கிக்கொள்ளவும் இடம் கொடுப்பதால், மேடு பள்ளத்தில் நான்கு சக்கரங்களும் தரையை விடுவதில்லை.

இனி நீர். 120 சென்டிமீட்டர் உயரமும் 50 சென்டிமீட்டர் அகலமுமுள்ள நான்கு டயர்கள் முழுகினால் ஏறக்குறைய இரண்டு டன் ஜலத்தை விலக்கும். ஆகவே 800 கிலோ வண்டி, சக்கரம் பாதி மூழ்குமுன்பே மிதந்துவிடுகிறது. டயரின் மேடுகளே துடுப்பாகி, நடையினும் மந்தமாக அதைத் தள்ளிச் செல்கின்றன. ஓடும் நதியில் இது போதாது. பிரவாகமும் எதிர்க்காற்றும் இழுத்த பக்கம் போகவேண்டியதுதான். எல்லாவற்றிலும் கடினம், நீரிலிருந்து பனிக்கட்டியின் விளிம்பில் ஏறுவது. பாரம் பின்னால் மிகுந்தால் வண்டி மல்லாந்துவிடும். ஆயினும் வசந்தகாலத்தில் பனித்தளம் பிளந்து மீனவர்களைச் சுமந்துகொண்டு மிதந்து போய்விடும் அந்தக் கரைகளில், மிதக்கத் தெரிந்த வண்டி உயிர்காக்கும் துணை என்பதில் சந்தேகமில்லை.

இத்தனை சாமர்த்தியமும் கல்லூரியில் கற்றதன்று. சோவியத் காலத்தில் 'மோதெலிஸ்த்-கான்ஸ்த்ருக்தர்' என்ற மாசிகை, வீட்டில் கட்டிய வாகனங்களின் வரைபடங்களைச் சாதாரண வாசகருக்கு வெளியிட்டு வந்தது; 'இது உங்களாலும் முடியும்' என்ற கருத்தைத் தலைப்பாகவே கொண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சி அவ்வண்டிகளை நாட்டுக்கே காட்டியது. பட்டறைத் தொழிலாளியைக் கண்டுபிடிப்பாளனாக மதித்த அந்த வழக்கம் எந்தத் தேசத்துக்கும் பெருமை தரக்கூடியது.

அந்தப் பரம்பரையிலிருந்தே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த அலெக்ஸேய் கரகஷ்யான் தோன்றினார். அவருடைய 'ஷெர்ப்' என்னும் வண்டி, 1.6 மீட்டர் உயர டயர்களும் 1.5 லிட்டர் குபோட்டா டீசல் எஞ்சினும் கொண்டு, நீரில் மணிக்கு 6 கிலோமீட்டர் செல்கிறது. எஞ்சினின் புகையைக்கொண்டே டயரை ஊதிக்கொள்ளவும், வேண்டியபோது இளக்கிக்கொள்ளவும் அதற்கு முடியும். அதன் வழிவந்த வாகனத்தை ஜேஎஸ்டபிள்யூ கெக்கோ நிறுவனம் இந்திய ராணுவத்துக்குச் செய்து தந்திருக்கிறது. ஷெர்ப்பின் விலையோ கிராமத்து மீனவனுக்கு எட்டாதது. அவன் இன்றைக்கும் பழைய ஜிகுலியின் ஆக்சிலைத் தேடித்தான் போகிறான்.