பழைய கிதாருக்கு ஒரு புதிய நட்டு

வீணையின் மேருவை அறிந்தவர்களுக்கு மின்சார கிதாரின் நட்டை விளக்கிச் சொல்வது கடினமான காரியம் அல்ல. பிரடைகளிலிருந்து புறப்படும் தந்திகள், விரற்பலகைக்குள் பிரவேசிக்கும் முன்னர் ஒரு சிறு குறுக்குத் துண்டின்மேல் ஏறி, அதில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களில் ஒவ்வொன்றாக அமர்ந்து, அங்கிருந்து மறுமுனையிலுள்ள குதிரையை நோக்கிச் செல்கின்றன. அந்தக் குறுக்குத் துண்டுக்குத்தான் நட்டு என்று பெயர். நாற்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும், மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை கனமும் கொண்ட அந்த அற்பமான பொருளே, விரல் படாத தந்தியின் அதிர்வு எங்கே தொடங்க வேண்டும் என்பதையும், தந்திக்கும் தந்திக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதையும், முதல் மெட்டுக்கு மேலே அவை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் நிர்ணயிக்கிறது. பள்ளம் அளவுக்கு மிஞ்சி ஆழமானால் தந்தி மெட்டில் உரசி இரைகிறது. ஆழம் போதாமற்போனால், முதல் மெட்டில் விரலை அழுத்தும்போதே தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. பள்ளம் குறுகலாக இருந்தாலோ, பிரடையைத் திருப்பும்போது தந்தி நகராமல் சிக்கி நின்று, பிறகு சட்டென்று வழுக்கி, வாசிப்பவர் கருதிய சுருதியைத் தாண்டிப் போய்விடுகிறது. கச்சேரி நடுவே கிதாரின் சுருதி கலைவதற்குப் பலரும் பிரடையைக் குறை சொல்லுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் நட்டினுடையது.

லண்டன் மாநகரத்தின் நடுவே, சாரிங் கிராஸ் சாலையிலிருந்து பிரியும் டென்மார்க் தெரு, ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியும் அளவுக்குச் சிறியது. முதலில் சங்கீதப் பிரசுரகர்த்தர்களின் அலுவலகங்களும், பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களும், அதன் பிறகு கிதார்க் கடைகளும் அங்கே குடியேறின. 1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்கள் முதல் இசைத்தட்டுத் தொகுதிக்கான பாடல்களைப் பதிவு செய்த ரீஜென்ட் சவுண்ட் கூடம் இருந்த நான்காம் எண் கட்டிடத்தில் பிற்காலத்தில் அதே பெயரைத் தாங்கிய கிதார்க் கடை வந்தது. இத்தகைய கடைகளிலும், நகரின் புறத்தேயுள்ள சிறு பட்டறைகளிலும் பழுது பார்க்கும் தொழிலாளரிடம், ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ செய்யப்பட்ட கிதாரை நீட்டி, “இதன் நட்டு தேய்ந்துவிட்டது, அந்தக் காலத்து நட்டே வேண்டும்” என்று கேட்பவர்கள் உண்டு. பழம்பொருள் மோகம் என்று அதை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். அக்கோரிக்கைக்குள் வாத்தியத்தின் நாதமும், அதைச் செய்த தொழிற்சாலையின் சரித்திரமும், நாளைக்கு அதை வாங்கப்போகிறவருக்கு நாம் சொல்ல வேண்டிய உண்மையும் சேர்ந்து அடங்கியிருக்கின்றன.

லண்டனில் இந்த விஷயம் விசேஷமான உருவம் பெற்றதற்கு அரசாங்கத்தின் ஓர் உத்தரவு காரணம். யுத்தத்துக்குப் பின் டாலர்ப் பஞ்சத்தால் தவித்த பிரிட்டிஷ் அரசாங்கம், 1951 முதல் 1959 வரை அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்திருந்தது. அந்த எட்டு ஆண்டுகளில்தான் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரும், கிப்சன் கம்பெனியின் லெஸ் பாலும் பிறந்து வளர்ந்தன. இங்கேயுள்ள இளைஞர்கள் அவற்றை இசைத்தட்டு உறைகளிலுள்ள படங்களில் கண்டதே அதிகம். 1959-ல் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தம் குழுவின் வாத்தியக்காரர் ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து தருவித்த சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரே பிரிட்டனுக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தடைக்காலத்தில் உள்ளூர் உற்பத்தியாளரும் ஐரோப்பிய உற்பத்தியாளரும் அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். ஜெர்மனியின் ஹாஃப்னர் கிதார்களைச் செல்மர் கம்பெனி சாரிங் கிராஸ் சாலையிலிருந்து விற்றது. தென் லண்டனில் சார்லி வாட்கின்ஸும், நகரத்தின் கிழக்கெல்லைக்கு அப்பால் ஜிம் பர்ன்ஸும் தங்கள் பெயரிலேயே கிதார் செய்தார்கள். ஆகவே இன்று லண்டன் பட்டறை மேஜைக்கு வரும் பழைய கிதார்கள் இரண்டு ஜாதியைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நட்டு தேடும் வழி வேறு வேறு.

நட்டு ஏன் தேய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலோகக் கம்பி சுற்றப்பட்ட தடித்த தந்திகள், சுருதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தை நுண்ணிய அரம்போல ராவுகின்றன. அத்துடன், அக்காலத்துத் தந்திகள் இன்றைய தந்திகளைவிடப் பருமனானவை. மூன்றாவது தந்திக்குக்கூடக் கம்பி சுற்றியிருந்தது. அறுபதுகளில் வாசிப்பாளர் பலர், தந்தியை வளைத்து ஸ்வரம் எழுப்புவதற்கு இலேசான தந்தி வேண்டும் என்று, பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்தியை முதல் தந்தியாகப் பூட்டி, மற்றவற்றை ஒவ்வொரு ஸ்தானமாகத் தள்ளிக் கட்டினார்கள். பருத்த தந்திக்கென்று வெட்டிய பள்ளத்தில் மெல்லிய தந்தி அமர்ந்தால், அங்குமிங்கும் அசைந்து ஒலி மங்குகிறது. இத்தகைய குறைக்கு நட்டையே மாற்றிவிடச் சொல்லும் கடைக்காரரைவிட, எலும்புத் தூளைப் பள்ளத்தில் இட்டு, அதன்மேல் ஒரு துளி சூப்பர் குளூவை ஊறவிட்டு, இறுகியபின் மெல்லிய அரத்தால் மறுபடி பள்ளம் எடுக்கும் தொழிலாளரையே நான் மதிக்கிறேன். அம்முறையால் பூர்வீக நட்டு தன் இடத்திலேயே இன்னும் பல காலம் ஊழியம் செய்கிறது.

அதற்கும் மிஞ்சி உடைந்தோ பிளந்தோ போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஃபெண்டர் கிதாரானால் பொருளைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. ஐம்பது அறுபதுகளில் அக்கம்பெனி உபயோகித்தது மாட்டெலும்பு. மாட்டெலும்பு அன்றைக்கு எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, இரசாயனத்தால் வெளுக்கப்படாத எலும்பாக வாங்குவது ஒன்றே. வெளுத்த எலும்பின் பளிச்சென்ற வெண்மை, பழுப்பேறிய பழைய மேப்பிள் மரத்தின் பக்கத்தில் கண்ணை உறுத்தும். தேட வேண்டியது அதைச் செதுக்கும் கையைத்தான். ஃபெண்டர் விரற்பலகை தட்டையானது அல்ல. ஏழேகால் அங்குல ஆரம் கொண்ட வட்டத்தின் வளைவு அதற்கு உண்டு. விரற்பலகையில் நட்டுக்காகக் குடையப்பட்ட எட்டில் ஓர் அங்குலக் காடியின் அடித்தளமும் அதே வளைவில் இருப்பதால், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தட்டையான அடி கொண்ட நட்டை அதில் பொருத்தினால், நடுவில் மட்டும் பட்டு, இரு ஓரங்களிலும் வெற்றிடம் நிற்கும். மேலும், 1962 முதல் அக்கம்பெனி கழுத்தின் அகலத்தை ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளால் கழுத்தின் அடியில் முத்திரையிட்டது. பி என்றால் ஒன்றும் எட்டில் ஐந்துமான அங்குலம், அதாவது 41 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த முத்திரையைப் பார்த்தபின் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுப்பதே முறை.

கிப்சன் விஷயம் இதற்கு நேர்மாறானது. எலும்பே உயர்ந்தது, பிளாஸ்டிக் தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருப்பதால், பழைய லெஸ் பால் கிதாருக்கு எலும்பு நட்டு போட்டுவிட்டு, அதைப் பெரிய உபகாரமாகக் கருதுவோர் பலர். ஆனால் 1958 முதல் 1960 வரை செய்யப்பட்டு, இன்று இலட்சக்கணக்கான பவுனுக்குக் கைமாறும் அந்த லெஸ் பால்களில், தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது நைலான் 6/6 என்னும் பொருள். டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-ல் கண்டுபிடித்த அதே நைலான்தான் அது. அதை உண்டாக்கும் இரு மூலப்பொருள்களிலும் ஆறாறு கரி அணுக்கள் இருப்பதால் அந்தப் பெயர். வெண்ணெய் நிறமும், சற்றே ஒளி ஊடுருவும் தன்மையும், தந்தியைச் சிக்கவிடாமல் வழுக்கவிடும் இயல்பும் அதற்கு உண்டு. அரம் பட்டால் எலும்பைப்போல் பொடியாக உதிராமல் பஞ்சு பஞ்சாகப் பிசிறு எழும்புவதால், அதில் சுத்தமான பள்ளம் எடுப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். பிற்காலத்தில் கிப்சனே கோரியன் என்ற செயற்கைக் கல்லுக்கு மாறியது. எழுபதுகளில் பித்தளை நட்டு நாகரிகமாயிற்று. அந்த மோகத்தில் எத்தனையோ நல்ல கிதார்களின் பூர்வீக நட்டுகள் குப்பைக்குப் போயின. நைலான் 6/6 கட்டைகளை இன்றும் சில உதிரிபாக வியாபாரிகள் கேட்டால் தருகிறார்கள். 1965-ன் நடுவில் கிப்சன் கழுத்தின் அகலம் 43 மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியது என்பதை மறந்து அளவு சொன்னால் அந்தக் கட்டை வீணாகும்.

இவ்விடத்தில் பீட்டர் கிரீனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிழக்கு லண்டனில் பிறந்து, ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தோற்றுவித்த அவர், அறுபதுகளின் நடுவில் சாரிங் கிராஸ் சாலைச் செல்மர் கடையில் வாங்கிய 1959-ஆம் வருஷத்து லெஸ் பாலில், ஒலிவாங்கி ஒன்றின் காந்தம் தலைகீழாக அமைந்திருந்தது. அதனால் இரு ஒலிவாங்கிகளும் சேர்ந்து இயங்கும்போது ஒரு விசித்திரமான, தேய்ந்த நாதம் எழுந்தது. உலகம் அந்த நாதத்துக்காகவே அந்தக் கிதாரை நேசிக்கிறது. அதைப் பழுது என்று எண்ணி யாரேனும் ‘சரி’ செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய வாத்தியத்தின் எந்த உறுப்பில் கை வைப்பவரும் இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

பிரிட்டிஷ், ஜெர்மன் கிதார்களுக்கு வருவோம். ஹாஃப்னரிலும் பர்ன்ஸின் பல மாதிரிகளிலும் நட்டை ஒட்டி ஜீரோ ஃபிரெட் என்னும் கூடுதல் உலோக மெட்டு ஒன்று இருக்கும். தந்தியின் உயரத்தை அதுவே தாங்கிக்கொள்வதால், நட்டுக்குத் தந்திகளை இடம் பிரித்துக் காட்டும் வேலை மாத்திரமே மிஞ்சுகிறது. மேற்கு லண்டன் புறநகரில் பிரையன் மே என்ற பள்ளி மாணவர் 1963-ல் தம் தந்தையுடன் சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து கழுத்தைச் செதுக்கிச் செய்யத் தொடங்கிய ‘ரெட் ஸ்பெஷல்’ கிதாரிலும் இந்த ஏற்பாடே உண்டு. இவ்வகைக் கிதாரில் சுருதிக் கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த மெட்டின் தேய்மானத்தை, நட்டை அல்ல. அந்நட்டு உடைந்துபோயிருந்தாலோ, இவற்றுக்கான உதிரிபாகத்தைப் புதிதாகச் செய்வோர் அரிது. பர்ன்ஸின் கம்பெனியே 1965-ல் அமெரிக்காவின் பால்ட்வின் பியானோக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. உடைந்த வேறொரு கிதாரிலிருந்து எடுத்துப் பொருத்துவது, அல்லது அதே நிறமும் கனமும் உள்ள பிளாஸ்டிக்கில் புதிதாய்ச் செதுக்குவது என்ற இரண்டே வழிகள் உண்டு. விலை குறைந்த கிதார்தானே என்று இவற்றை அலட்சியம் செய்பவர்கள், தடைக்காலத்தில் ஒரு தலைமுறை முழுவதும் வாசிக்கக் கற்றுக்கொண்டது இவற்றில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நட்டைக் கழற்றுவதிலும் ஒரு சிரத்தை தேவை. அதைச் சுற்றி இறுகியிருக்கும் பழைய லாக்கர்ப் பூச்சைக் கூரிய கத்தியால் கோடிட்டு அறுத்துவிட்டு, அதன் பிறகே சிறு மரக்கட்டையை அண்டை கொடுத்து மெல்லத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் நட்டோடு பூச்சும் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்துவிடும். நட்டு மாறியதற்காகக் கிதாரின் கிரயம் அதிகம் குறைவதில்லை. பூச்சு கெட்டு மறுவர்ணம் அடிக்க நேர்ந்தாலோ, பாதி மதிப்புப் போயிற்று என்பது வியாபாரிகளின் கணக்கு. புது நட்டை ஒட்டுவதற்கும் ஓரிரு சொட்டுப் பசையே போதும். அடுத்த தொழிலாளர் ஒருநாள் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றிய துண்டை, அது இரண்டாகப் பிளந்திருந்தாலும், ஒரு சிறு உறையிலிட்டு, மாற்றிய தேதியையும் காரணத்தையும் புதிய நட்டின் பொருளையும் எழுதி, கிதார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்துப் புது எலும்பைப் பழுப்பாக்கும் வழக்கம் உண்டு. கண்ணுக்கு இசைவாக இருக்கட்டும் என்று செய்வதில் பிழையில்லை. அதையே பூர்வீக நட்டு என்று சொல்லி விற்பது மோசடி.

யானைத் தந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மின்சார கிதார்களில் அது அபூர்வம். ஆனால் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி தன் மின்சாரமில்லாத கிதார்களின் நட்டுக்கு நெடுங்காலம் தந்தத்தையே உபயோகித்தது. குறுக்குவெட்டில் பின்னல்போல் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரிந்தால் தந்தம். நுண்ணிய கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018-ல் நிறைவேறி, 2022 ஜூன் 6 முதல் அமலில் இருக்கிறது. 1975-க்கு முன் செய்யப்பட்டு, கன அளவில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தம் உள்ள வாத்தியத்தை, 20 பவுன் கட்டணம் செலுத்திப் பதிவு செய்த பிறகே விற்கலாம்; மீறினால் 5 ஆண்டு வரை சிறைவாசத்துக்கும் இடமுண்டு. தனித் தந்தத் துண்டொன்றை விலைக்கு வாங்கிப் புது நட்டு செதுக்கிக்கொள்ள இப்போது வழியில்லை, எலும்பே கதி. ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் வசிக்கும் நம்மவர் வீடுகளில், பாட்டியின் காலத்துத் தஞ்சாவூர் வீணை தந்த வேலைப்பாட்டுடன் இருக்குமானால், அதற்கும் இதே விதிதான்: வைத்திருக்கலாம், வாசிக்கலாம், பேத்திக்குத் தானமாகக் கொடுக்கலாம், விற்க நினைத்தால் பேரம் பேசுவதற்கு முன்னரே பதிவு செய்துவிட வேண்டும்.