பாஸ்போர்ட் சைஸில் ஒரு பேரழகி

"மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க சார்... இமைக்காதீங்க... ஆங், ரெடி!"

தாம்பரத்தில் நான் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்த கதை இவ்வளவுதான். பி.காம். படித்துவிட்டு மனுப் போட்ட கம்பெனிகளுக்கெல்லாம் அந்த முகம்தான் போயிற்று. ஒரு பதிலும் வராததற்கு மார்க் மட்டும் காரணமில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

போகட்டும். 1946-ல் நியூயார்க்கில் இன்னொருவருக்கும் பாஸ்போர்ட் போட்டோ தேவைப்பட்டது. அவர் கிரேட்டா கார்போ!

ஹாலிவுட்டையே கிறங்க அடித்த ஸ்வீடன் நாட்டு அழகி. 1941-க்குப் பிறகு நடிக்கவே இல்லை. அப்போது வயது முப்பத்தாறுதான். பேட்டி கிடையாது, ஆட்டோகிராப் கிடையாது. கேமராவைக் கண்டால் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்.

அவரைப் படமெடுத்தே தீருவது என்று துரத்தியவர் செசில் பீட்டன். சாதாரண ஆளில்லை, இங்கிலாந்து அரச குடும்பத்தையே உட்காரவைத்துப் படமெடுத்த மகா கலைஞர். 1932-ல் கார்போவை முதன்முதலில் சந்தித்தார். அன்றிலிருந்து பதினான்கு வருஷம் காத்திருந்தார். நம்மூரில் அதற்குள் பிள்ளை பிறந்து ஒன்பதாங்கிளாஸ் போயிருக்கும்.

அப்படிப்பட்டவரிடம் அம்மணியே, "ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டால்? பீட்டன் தங்கியிருந்த பிளாசா ஓட்டல் அறைக்கே வந்தார். முதலில் நம்மைப்போலவே விறைப்பாக நின்றார். கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தளர்ந்தது. கோமாளி வேஷம் கட்டிக்கொண்டு கூட போஸ் கொடுத்தார். கிளிக், கிளிக், கிளிக்!

படங்கள் 'வோக்' பத்திரிகைக்குப் போயின. விஷயம் தெரிந்ததும், ஒன்றுக்கு மேல் வந்தால் மன்னிக்கவே மாட்டேன் என்று தந்தி அடித்தார் கார்போ. அச்சு இயந்திரம் யார் பேச்சைக் கேட்கும்? ஜூலை இதழில் பல படங்கள் வந்தன. பீட்டனின் டெலிபோனை அவர் ரொம்ப நாள் எடுக்கவே இல்லை.

இந்தப் பக்கமும் ஒரு படம் உண்டு. 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் படம். போஸ்டராகிச் சுவரெங்கும் ஏறியது. மேக்கப் இல்லை, கத்திச் சண்டை இல்லை. பிரசாரத்துக்கு வராமலே பரங்கிமலைத் தொகுதியில் 27,674 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். முகத்தை அத்தனை ஜாக்கிரதையாகக் காப்பாற்றிய நடிகருக்கு, காயம்பட்ட முகம் செய்த உதவி இது.

கார்போவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடுத்த வருஷம் கோபம் தணிந்து பீட்டனோடு மறுபடி பழகினார். நல்ல மனசுக்காரி! பீட்டன் சும்மா இருந்தாரா? போட்டோ போதாதென்று, இருவருக்கும் இருந்த நெருக்கத்தை எழுதிவைத்த டைரியை 1972-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார்.